முத்துப் பாரின் சேற்றில் ஒரு பழைய வம்சம்

தூத்துக்குடியில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் பேலியோசோயிக் காலத்துக் கடல் கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மன்னார் வளைகுடாவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே ஆதிக்கடல், யுகங்களைக் கண்ட கடல் என்று பேனா தானாக ஓடுகிறது. கொற்கையும் முத்தும் சங்கும் சேர்ந்து இந்தக் கடலுக்கு ஒரு முதுமையைக் கொடுத்துவிட்டன. மனித வரலாற்றுக் கணக்கில் அந்த முதுமை நியாயமானதே. பாறைகளின் கணக்கில் மன்னார் வளைகுடா இளங்கடல்.

பேலியோசோயிக் என்பது 53.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த நீண்ட காலம். கேம்பிரியன், ஆர்டோவிசியன், சைலூரியன், டெவோனியன், கார்பானிஃபெரஸ், பெர்மியன் என்று அதற்கு ஆறு பகுதிகள். நண்டு, இறால் வகையறாவை ஓட்டுடலிகள் என்கிறோம். அந்தக் கூட்டம் கடலில் தலைகாட்டியதும், பெருகியதும், பல கிளைகளாகப் பிரிந்ததும் இந்தக் காலத்தில்தான். அப்போது தூத்துக்குடி எங்கே இருந்தது?

மேலிருந்து இறங்கிப் பார்க்கலாம். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிகளின் சிவந்த மணல் புவியியல் கணக்கில் நேற்றுப் படிந்தது. மணப்பாடு கடற்கரைக் கல்லில் மணலும் சிப்பித்தூளும் சுண்ணாம்பால் இறுகிக் கிடக்கின்றன. அதுவும் கடைசிப் பனியுகங்களைத் தாண்டி அதிகம் பின்னே போகாது. அதற்கெல்லாம் அடியில் இருக்கும் கெட்டிப் பாறை, மாவட்டத்தின் மேற்கே கோவில்பட்டிப் பக்கம் வெளியே தலைநீட்டுகிறது. கழுகுமலையில் வெட்டுவான் கோயிலை மேலிருந்து கீழாகக் குடைந்தது இந்தப் பழம்பாறையில்தான். தென்தமிழ்நாட்டின் இந்தப் பாறைகள் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கடைசியாக வெந்து உருமாறியது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன். உலகத்தின் கடல்களில் கேம்பிரியன் உயிர்கள் பெருகப்போகும் தறுவாயில், இன்று தூத்துக்குடி நிற்கும் தரை ஒரு மலைத்தொடரின் வேருக்குள் இருந்தது.

அதற்குப் பிறகும் பேலியோசோயிக் முழுவதும் அது கோண்ட்வானா என்னும் பெருங்கண்டத்தின் உட்பகுதி. ஒருபுறம் மடகாஸ்கர், இன்னொருபுறம் இலங்கை, அதற்கப்பால் அண்டார்டிகா. சுற்றிலும் நிலம். ஜுராசிக் காலத்தின் கடைசியில் இந்தக் கண்டம் விரிசல்விட்ட பிறகுதான் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே தரை இறங்கி, கடல் உள்ளே வந்தது. பேலியோசோயிக் முடிந்து ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகள் அதற்குள் ஓடியிருந்தன. கடல் உயிர்களின் புதைபடிவங்களுக்குப் பேர்போன அரியலூர்கூட கிரெட்டேசியஸ் காலத்தது. பேலியோசோயிக்குக்கு அது பேரன்.

இந்தியாவின் பேலியோசோயிக் கடல்கள் வடக்கு விளிம்பில் இருந்தன. இமாச்சலத்தின் ஸ்பிதி, காஷ்மீர், குமாவுன் ஆகிய இடங்களில் அந்தக் கடலடிகள் இமயம் எழும்பியபோது மேலே தூக்கப்பட்டு இன்று பனிமலைச் சரிவுகளாக நிற்கின்றன. ஸ்பிதியின் பராஹியோ பள்ளத்தாக்கில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ஹென்றி ஹைடன் சேகரித்த கேம்பிரியன் புதைபடிவங்களை கூப்பர் ரீட் 1910இல் விவரித்தார். நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் என்றால், சத்தீஸ்கரின் மனேந்திரகட். ஹஸ்தேவ் ஆற்றங்கரையில், பெர்மியன் காலத்தில் கண்டத்துக்குள் சிறிது காலம் புகுந்து திரும்பிய ஒரு கடலின் சிப்பிகள் கல்லாகக் கிடக்கின்றன. நிலக்கரிப் பூமியின் நடுவே கடற்சிப்பி! 1921இல் மத்தியப் பிரதேசத்தின் உமரியாவிலும் இதேபோன்ற கடற்படிவு கண்டுபிடிக்கப்பட்டது.

ஸ்பிதியில் கிடைப்பவற்றில் மிகவும் பிரபலமானது டிரைலோபைட். உடல் மூன்று மடல்களாகப் பிரிந்து, கணுக்கணுவாக இருக்கும். பள்ளிப் பாடப்புத்தகம் முதல் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டி வரை பேலியோசோயிக்கின் முகமாக அதைத்தான் வைத்திருக்கிறார்கள். பார்த்தவுடன் 'பழங்கால நண்டு' என்று பலரும் சொல்லிவிடுவார்கள். நண்டல்ல. ஓட்டுடலிகளுக்குத் தலையில் இரண்டு ஜோடி உணர்கொம்புகள் உண்டு. இறாலை உரிக்கும்போது நீண்ட ஜோடியும் குட்டை ஜோடியும் கையில் வரும். டிரைலோபைட்டுக்கு ஒரு ஜோடிதான். கணுக்காலிகள் என்ற பெரிய குடும்பத்தில் அது வேறு கிளை. பெர்மியன் முடிவில் ஒரு வாரிசுகூட இல்லாமல் அழிந்த கிளை. சைலூரியன் கடல்களில் ஆளுயரம் வளர்ந்த 'கடல்தேள்' யூரிப்டெரிடும் ஓட்டுடலி அல்ல. பேலியோசோயிக்கின் நட்சத்திரங்கள் இருவரையும் தள்ளிவிட்டால், ஓட்டுடலிகள் என்று மிச்சம் இருப்பவர்கள் யார்?

இதற்கு விடை தேட தூத்துக்குடியின் திரேஸ்புரத்தில் வள்ளங்கள் கரைசேரும் நேரத்தில் போய் நின்றால் போதும். மடி வலையிலிருந்து கொட்டுவதில் விலைபோகும் ஓட்டுடலிகள் மூன்று: நண்டு, இறால், சிங்கி இறால். இவற்றில் பேலியோசோயிக் கடலில் இருந்தது எது என்று கேட்டால் பெரும்பாலானோர் நண்டையே சொல்வார்கள். நண்டின் தோற்றம் அப்படி. உண்மையில் மூன்றிலும் அதுதான் கடைக்குட்டி. வயிற்றை மார்புக்கடியில் மடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடும் உண்மை நண்டுகள் ஜுராசிக் காலத்தில்தான் தோன்றின. பேலியோசோயிக் கடல் எதிலும் ஒரு நண்டுகூட நடந்ததில்லை.

இறாலும் சிங்கி இறாலும் சேர்ந்த பத்துக்காலிக் குலத்துக்கு மட்டும் பேலியோசோயிக்கில் ஒரு நுனி கிடைக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோவில் டெவோனியன் காலக் களிப்பாறையில் கிடைத்த பேலியோபேலிமான் என்பதை விட்ஃபீல்ட் 1880இல் விவரித்தார். ஏறத்தாழ 36 கோடி ஆண்டுப் பழையது. பத்துக்காலிகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவற்றுள் ஒன்று. அந்தக் காலத்துப் பாறைகளில் இந்தக் குலம் மிக அரிது. இன்று உலகச் சந்தையை ஆளும் குலம் அன்று ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது.

கழிவு என்று ஒதுக்குவதைக் கிளறினால்தான் பழைய வீட்டார் வருவார்கள். மடக்கி வைத்த முன்கையை நொடியில் வீசி இரையை அடிக்கும் மாண்டிஸ் இறாலைக் கண்டால் மடி பிரிப்பவர்கள் விரலை ஒதுக்கிக்கொள்வார்கள். அதன் முன்னோர்கள் கார்பானிஃபெரஸ் காலத்திலேயே உண்டு. மொன்டானா மாநிலத்தின் பேர் கல்ச் சுண்ணாம்புக்கல்லில் அந்த முன்கை உருவாகிவரும் கட்டத்திலேயே பதிந்திருக்கிறது. சில மீன்களின் வாய்க்குள் நாக்கைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பூச்சி ஐசோபாடு என்ற இனம். அந்த வரிசையில் ஒன்றை இல்லினாயின் 30 கோடி ஆண்டுப் பழைய படிவத்திலிருந்து ஃப்ரெடரிக் ஷ்ராம் 1970இல் அறிவித்தார். வள்ளத்தின் அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு காலைக் கிழிக்கும் பார்னக்கிளைச் சிப்பி என்று நினைப்போம், அதுவும் ஓட்டுடலிதான். எஸ்தோனியாவின் சாரெமா தீவில் சைலூரியன் காலத்துக் கடல்தேளின் மேல் ஒட்டிய நிலையிலேயே பார்னக்கிளின் பழைய உறவு ஒன்று கிடைத்திருக்கிறது. இன்று படகு, அன்று கடல்தேள். ஒட்டும் புத்தி மாறவில்லை.

இவை எல்லாமே சிதறல்கள். இங்கொன்று, அங்கொன்று. காரணம் ஓட்டின் பொருள். இறாலின் ஓடு பெரும்பாலும் கைட்டின், சுண்ணாம்பு கொஞ்சம்தான். செத்ததும் நாட்கணக்கில் மக்கிப்போகும். சேற்றில் ஆக்சிஜன் இல்லாமலோ எரிமலைச் சாம்பலால் மூடப்பட்டோ போனால்தான் கல்லில் பதியும். பேலியோசோயிக்கின் ஆறு பகுதிகளில் ஐந்தில், கிட்டத்தட்ட எல்லாக் கடல்களிலும், கைநிறைய அள்ளும் அளவுக்குக் கிடைக்கும் ஓட்டுடலி ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் ஆஸ்ட்ரகோடு. மீன்சந்தையில் அதைப் பார்க்க முடியாது. ஆனால் தூத்துக்குடிக் கடலடிச் சேற்றில் ஒரு பிடி எடுத்தால் அதில் இருக்கும்.

கடுகை இரண்டாகப் பிளந்து, உள்ளே ஓர் இறாலை மடித்து வைத்து மூடியது போன்ற உயிர் அது. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைச் சுற்றியே இருக்கும். இருபக்கமும் இரண்டு சுண்ணாம்பு மடல்கள், முதுகில் ஒரு கீல், நடுவில் இழுத்து மூட ஒரு தசை. நடமாட வேண்டுமென்றால் மடல்களைச் சற்றே திறந்து, உணர்கொம்புகளையும் கால்களையும் வெளியே நீட்டும். ஆபத்தென்றால் மூடிக்கொள்ளும். கடலடி, பவளத்திட்டு, கழிமுகம், கோயில் குளம், வயல்நீர் என்று அது இல்லாத நீர்நிலை குறைவு.

முத்துச் சிப்பிக்கும் இரண்டு மடல் உண்டே என்று தோன்றும். அங்கேதான் இரண்டும் பிரிகின்றன. சிப்பி தன் ஓட்டின் விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வளர்கிறது; ஒரே ஓடு ஆயுள் முழுவதும். ஆஸ்ட்ரகோடு ஓட்டை முழுவதுமாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. கடலடியில் வாழும் பெரும்பான்மை இனங்கள் முட்டையிலிருந்து வளர்ந்து முடிவதற்குள் எட்டு முறை இப்படிச் சட்டை உரிக்கின்றன. ஓர் உயிர், ஒன்பது ஜோடி மடல்கள். புதைபடிவமாவதற்கு இதைவிடச் சாதகமான வாழ்க்கை முறை அமைவது கடினம். இன்னொரு வித்தியாசமும் உண்டு. முத்தும் சிப்பியின் உட்புறப் பளபளப்பும் அரகோனைட் என்ற கனிமம். கோடிக்கணக்கான ஆண்டுகளில் அது பெரும்பாலும் உருமாறியோ கரைந்தோ போய்விடும். ஆஸ்ட்ரகோடின் ஓடு கால்சைட். அது தாங்கும். சைலூரியன் கடலில் ஒரு முத்து விழுந்திருந்தால் இன்று அதன் ஒளி மிஞ்சியிருக்க வாய்ப்பு குறைவு. பக்கத்தில் விழுந்த ஆஸ்ட்ரகோடு மடலின் மேல் இருக்கும் புள்ளியையும் குழியையும் இன்றும் எண்ணலாம்.

ஆர்டோவிசியன் தொடக்கத்தில், ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முன், இவை பாறையில் தெளிவாக வரத்தொடங்குகின்றன. அதிலிருந்து இன்றுவரை தொடர்ச்சி அறுபடவில்லை. உயிருள்ளவையும் கல்லானவையுமாகப் பெயரிடப்பட்ட இனங்கள் 50,000க்கு மேல்.

முத்துக் கதை இங்கேதான் உள்ளே வருகிறது. 1891க்குப் பிறகு இலங்கைக் கரையில் பல ஆண்டுகள் சலாபம், அதாவது முத்துக் குளிப்பு, நடக்கவில்லை. பார்கள் எனப்படும் கடலடித் திட்டுகளில் சிப்பி கூட்டமாக முளைக்கும். அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தால் ஒன்றுமிருக்காது. வருமானம் போன கவலையில் இலங்கை அரசு லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மேனை அழைத்தது. 1902இல் அவர் உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னலோடு வந்து இறங்கினார். பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைமைக்கு வந்து, நம் கரையின் முத்து, சங்கு இரண்டைப் பற்றியும் விரிவாக எழுதிய அதே ஹார்னல்தான்.

ஹெர்ட்மேன் சிப்பியை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். சிப்பி ஏன் சாகிறது என்று தெரிய வேண்டுமானால் அதைச் சுற்றி வாழும் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் நினைத்தார். கடலடியை அரித்து எடுத்ததையெல்லாம் புட்டிகளில் அடைத்து, ஒவ்வொரு கூட்டத்தையும் அந்தந்தத் துறை அறிஞருக்கு அனுப்பினார். 1903 முதல் 1906 வரை லண்டன் ராயல் சொசைட்டி ஐந்து பாகங்களாக வெளியிட்ட மன்னார் வளைகுடா முத்துச்சிப்பி அறிக்கை, கடைசியில் ஒரு கடலின் முழுக் குடிமதிப்பாகவே ஆகிவிட்டது. முத்து ஏன் தவறுகிறது என்ற கேள்விக்கு அது தந்த விடைகளில் பல பிறகு நிற்கவில்லை. ஒட்டுண்ணிப் புழுவின் குஞ்சே முத்துக்கு விதை என்று ஹெர்ட்மேன் அழுத்திச் சொன்னதையும் பின்வந்தவர்கள் அப்படியே ஏற்கவில்லை. அறிக்கையின் நிலைத்த பயன் அதன் பின்னிணைப்புகளில் இருக்கிறது. அரசாங்கம் காசு கொடுத்தது முத்துக்கு. கிடைத்தது அதைவிட நல்ல சரக்கு.

அந்தப் பின்னிணைப்புகளின் பட்டியலைப் பேலியோசோயிக் கண்ணோடு படித்துப் பாருங்கள். ஆண்ட்ரூ ஸ்காட் 1905இல் எழுதியது ஆஸ்ட்ரகோடுகள் பற்றி. நெல்சன் அன்னண்டேல் எழுதியது பார்னக்கிள் வகை பற்றி. டாட்டர்சால் 1906இல் எழுதிய ஒரே அறிக்கையில் மாண்டிஸ் இறாலும், அதோடு லெப்டோஸ்ட்ராகா என்ற வரிசையும் வருகின்றன. பேலியோசோயிக் கடல்களில் வம்சம் தொடங்கிய குடும்பங்கள் வரிசையாக, முத்துப் பார்களின் பக்கத்துவீட்டுக்காரர்களாகப் பதிவாகியிருக்கின்றன.

லெப்டோஸ்ட்ராகாவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்று உலகம் முழுவதிலும் இனங்கள் சில டஜன்தான். ஒரு சென்டிமீட்டர் அளவில், அழுகும் பாசிக்கடியில், சேற்றின் மேல்தோலில் வாழும். மார்பை மூடும் மெல்லிய இரட்டை மடல், முன்னால் அசையும் ஒரு சிறு தகடு, இலை போன்ற கால்கள். இறாலும் நண்டும் அடங்கிய உயர்வகுப்பில் மற்றவற்றுக்கு வயிற்றில் ஆறு கணுக்கள். இதற்கு மட்டும் ஏழு. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்குத் தெற்கே லெஸ்மஹாகோவில் சைலூரியன் பாறையைப் பிளந்தால் செரஷியோகாரிஸ் என்ற விலங்கு கிடைக்கும். அதே இரட்டை மடல், வாலில் மூன்று முட்கள். ஓர் அடியைத் தாண்டிய இனங்களும் அந்தப் பேரினத்தில் இருந்தன. அந்தக் கூட்டம் பேலியோசோயிக் கடல்களின் பெரிய மனிதர்கள். அந்த வம்சத்தில் இன்று மிஞ்சியிருக்கும் கிளை இந்த ஒரு சென்டிமீட்டர் உயிர். மொத்த ஓட்டுடலி வரலாற்றிலும் இவ்வளவு பெரிய சரிவு வேறு எந்த வீட்டுக்கும் நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, கல்லில் இருக்கும் மடலை வைத்து என்ன தெரிந்துகொள்கிறார்கள்? இதற்கான பாடம் உயிருள்ள கடலில்தான் படிக்கப்பட்டது, அதில் தூத்துக்குடிக்கும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் புவியியல் துறையைச் சேர்ந்த எஸ்.எம். ஹுசைன் தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள கடலடியின் ஆஸ்ட்ரகோடுகளை ஆராய்ந்து 1998இல் இந்தியத் தொல்லுயிரியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். தொல்லுயிரியல் இதழில் இன்றைய கடலைப் பற்றிய கட்டுரை வந்திருப்பது தற்செயல் அல்ல.

இப்படிப்பட்ட ஆய்வில் இனங்களின் பெயர் பாதிதான், எண்ணிக்கை மீதி. ஆஸ்ட்ரகோடு செத்ததும் கீல் இளகி இரண்டு மடல்களும் பிரியும். அலையும் நீரோட்டமும் அவற்றைத் தனித்தனியே எறிந்துவிடும். அதற்குள் சேறு வேகமாக மூடிவிட்டால் மடல்கள் மூடியபடியே புதையும். ஆகவே ஒரு பிடிச் சேற்றில் மூடிய ஓடுகள் எத்தனை, தனி மடல்கள் எத்தனை என்று எண்ணினால், அங்கே வண்டல் வேகமாகப் படிகிறதா மெதுவாகவா என்று சொல்லலாம். இளம் பருவத்து ஓடுகளும் வளர்ந்தவற்றின் ஓடுகளும் கலந்திருந்தால் கூட்டம் அங்கேயே வாழ்ந்து செத்தது. பெரியவை மட்டும் இருந்தால் நீரோட்டம் சின்னவற்றை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. வெள்ளை ஓடு காற்றோட்டமான அடிநீரைக் காட்டும்; கருத்த ஓடு ஆக்சிஜன் வற்றிய சேற்றைக் காட்டும். ஒவ்வோர் உரிப்புக்குப் பின்னும் புதிய ஓட்டுக்கான சுண்ணாம்பைச் சில நாட்களுக்குள் நீரிலிருந்து எடுப்பதால், அந்த நாட்களின் நீர்வெப்பம்கூட ஓட்டில் உள்ள மெக்னீசிய அளவில் பதிந்திருக்கும்.

இந்த எண்ணிக்கை வேலையை 43 கோடி ஆண்டுப் பழைய கல்லிலும் செய்யலாம். ஸ்வீடனின் கோட்லாண்ட் தீவிலும், பனியாறுகள் பால்டிக் பக்கமிருந்து வட ஜெர்மனிச் சமவெளிக்கு உருட்டிக்கொண்டு வந்த கூழாங்கற்களிலும் பெய்ரிக்கியா என்ற சைலூரியன் ஆஸ்ட்ரகோடு மொய்த்துக் கிடக்கிறது. அதில் சில ஓடுகளின் கீழ்ப்பக்கம் உருண்டையாக ஒரு புடைப்பு. வளர்ந்த ஓடுகளில் மட்டும், அவற்றிலும் ஒரு பகுதியில் மட்டும் அது வருகிறது. தாய் குஞ்சுகளைச் சுமக்கும் பை அது என்பது பின்னர் தெளிந்தது. இன்றும் மன்னார் வளைகுடாவில் உள்ள சைதெரல்லா வகையில் பெண்ணின் ஓட்டுக்குப் பின்புறம் அகலம் அதிகம். முட்டையையும் குஞ்சையும் அங்கேதான் வைத்துக் காக்கிறது. உயிரோடு இருப்பதில் காரணம் தெரிந்ததால், செத்ததில் புடைப்பின் பொருள் தெரிந்தது.

எல்லாம் இவ்வளவு நேராகப் போய்விடாது. ஓடு பொய்யும் சொல்லும். கேம்பிரியன் பாறைகளில் பிராடோரிட் என்ற சின்னஞ்சிறு இரட்டை மடல்கள் நிறையக் கிடைத்தன. அவற்றை மிகப் பழைய ஆஸ்ட்ரகோடுகள் என்றே வெகுகாலம் வகைப்படுத்தி வந்தார்கள். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் செங்ஜியாங் படிவத்தில் குன்மிங்கெல்லா என்ற பிராடோரிட் கால்களோடு கிடைத்தபோது, அந்தக் கால்கள் ஆஸ்ட்ரகோடின் கால்களாக இல்லை. மடல் ஒன்றுபோல் இருந்தது. உள்ளே வேறு ஆள்.

கேம்பிரியன் ஓட்டுடலிகளின் உடலை நேராகப் பார்க்கும் வாய்ப்பு ஸ்வீடனில்தான் வந்தது. பான் பல்கலைக்கழகத்தின் கிளாஸ் முல்லர் வேறு எதையோ தேடி, ஓர்ஸ்டன் என்ற கரிய சுண்ணாம்புக்கல்லை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்துக்கொண்டிருந்தார். கல் கரைந்தது, அடியில் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான விலங்குகள் முழு உருவில் தங்கின. சதை இருந்த இடத்தில் பாஸ்பேட் படிந்து, காலின் மயிர் நுனிவரை நிமிர்ந்து நின்றது. ஏறத்தாழ 50 கோடி ஆண்டுப் பழைய பிரெடோகாரிஸ், ஸ்காரா, ரெஹ்பாக்கியெல்லா என்ற ஓட்டுடலிகள் இப்படி வெளியே வந்தன. பலவும் குஞ்சுப் பருவத்தின் வெவ்வேறு கட்டங்கள். இறால் பண்ணைக்காரர்கள் நாப்ளியஸ் என்று சொல்கிறார்களே, இறால் முட்டையிலிருந்து வரும் முதல் பருவம், மூன்று ஜோடி உறுப்புகளோடு நீந்துவது. அதே முறையில் வளர்ந்த குஞ்சுகள் கேம்பிரியன் கடலிலேயே இருந்தன. தூத்துக்குடியைச் சுற்றியுள்ள குஞ்சுபொரிப்பகங்களில் தொட்டி தொட்டியாக வளர்வது அந்தப் பருவம்தான்.

இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயரில் நடந்தது இன்னும் நூதனம். 43 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் ஒரு கடலடியை மூடியது. சாம்பலுக்குள் உருண்டைகளாக இறுகிய கற்களில் உயிர்கள் முழுதாக இருந்தன. கல்லைக் கரைத்தால் உள்ளே இருப்பதும் கரைந்துவிடும். அதனால் டேவிட் சிவெட்டரும் குழுவினரும் கல்லை நூல்நூலாகத் தேய்த்து, ஒவ்வொரு பரப்பையும் படமெடுத்து, கணினியில் திரும்ப அடுக்கினார்கள். வேலை முடியும்போது புதைபடிவம் இருக்காது. படம் மட்டும் இருக்கும். இப்படி 2003இல் கோலிம்போசாத்தான் என்ற ஆஸ்ட்ரகோடு வந்தது: கால், கண், செவுள், ஆண் உறுப்பு எல்லாம் இருந்தன. அந்த உறுப்பின் பருமனை வைத்தே அதற்குப் பெயரும் இட்டார்கள். 2007இல் நிம்ஃபாடெலினா என்ற பெண், ஓட்டுக்குள் முட்டைகளோடு. இன்றைய உறவுகளோடு ஒப்பிட்டால் உடலமைப்பில் மாற்றம் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு.

பின்னர் வந்த பாலின் அவிபெல்லா என்ற ஆஸ்ட்ரகோடைப் பற்றிய கட்டுரையில் சிவெட்டர் குழு ஓர் எச்சரிக்கையும் வைத்தது. ஓட்டை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் அதை வேறொரு கூட்டத்தில் சேர்த்திருப்பார்கள்; மென்னுடல் கிடைத்ததால்தான் உண்மையான இனம் தெரிந்தது. பேலியோசோயிக்கின் ஆயிரக்கணக்கான ஆஸ்ட்ரகோடு இனங்கள் ஓட்டை மட்டும் வைத்துப் பெயரிடப்பட்டவை. அவற்றில் எத்தனை தவறான வீட்டில் குடியிருக்கின்றன என்று இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. என் கருத்தில், இந்தச் சந்தேகம் சேற்றைச் சல்லடையிடும் ஆய்வுகளின் மதிப்பைக் கூட்டுகிறது. ஓட்டுக்கும் உடலுக்கும் உள்ள உறவைச் சோதிக்க உயிருள்ள கடல் ஒன்றுதான் கைவசம் இருக்கிறது.

25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பேலியோசோயிக் ஒரு பேரழிவில் முடிந்தது. சைபீரியாவில் எரிமலைப் பிளவுகள் கக்கிய வாயுக்கள் கடலைச் சூடாக்கி, ஆக்சிஜனை வற்றச் செய்தன. கடல் இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் போயின. அந்த எல்லைக் கோட்டை இந்தியாவில் பார்க்க வேண்டுமானால் ஸ்ரீநகருக்குப் பக்கத்தில் குர்யுல் ஓடைக்குப் போக வேண்டும். டிரைலோபைட் அந்த எல்லையோடு முடிந்தது. பெய்ரிக்கியாவின் பெருங்கூட்டமும் ஏறத்தாழ அங்கே முடிந்தது. வழவழப்பான, முதுகு வளைந்த, அலங்காரம் எதுவுமில்லாத பேர்டியா என்ற ஆஸ்ட்ரகோடு வகை எல்லையைத் தாண்டியது. பேலியோசோயிக்கின் சுண்ணாம்புக் கடல்களில் அது நிறைந்திருந்தது. அதன் நேர் உறவான நியோனெசிடியா இன்று தூத்துக்குடிக்கு அப்பால் மணலிலும் பவளத் தூளிலும் கிடைக்கிறது. முத்துக் குளிப்பு 1961க்குப் பிறகு இந்தக் கரையில் நடக்கவில்லை. அதற்கு முன் தொல்லாயிரம் பாரில் மூச்சடக்கி இறங்கிய பரதவர் கைகள் சிப்பியோடு சேர்த்து இந்த ஆஸ்ட்ரகோடையும் ஆயிரக்கணக்கில் அள்ளி வந்திருக்கும்.

பேலியோசோயிக் வம்சம் இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் கடலோரக் கல்லூரிகளில் புவியியல் படிக்கும் பிள்ளைகள் பலர் ஆஸ்ட்ரகோடைத் தேர்வுத்தாளில்தான் முதலில் சந்திக்கிறார்கள். அது தேவையில்லாத தாமதம். துறைமுகத்தில் தூர்வாரும்போது வரும் சேற்றில், இடமும் ஆழமும் தேதியும் குறித்து ஆண்டுக்கு ஒரு டப்பா எடுத்து வைத்தால்கூட, வளைகுடாவின் அடிப்பகுதி எப்படி மாறிவருகிறது என்பதற்கு நம்பகமான பதிவு சேரும். துறைமுக நிர்வாகமும் கல்லூரிகளும் பேசி முடிக்கக்கூடிய சின்ன ஏற்பாடு அது.

தனியாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இது எளிது. அலை எட்டும் இடத்திலிருந்து ஒரு பிடி மெல்லிய மணலோ சேறோ எடுத்து ஓர் இரவு நீரில் ஊறவைத்து, நூறில் ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அலசி, நிழலில் உலர்த்தி, கருப்பு அட்டையில் தூவி, 40 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியில் வைக்கவும். நனைத்த மெல்லிய தூரிகை நுனியால் ஓட்டைத் தொட்டு எடுக்கலாம். வான்தீவு, காரைச்சல்லி போன்ற தீவுகளின் பக்கம் மட்டும் இதற்காகப் போக வேண்டாம். 1986 முதல் அவை கடல்சார் தேசியப் பூங்காவின் பகுதி. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கிருந்து ஒரு பிடி மணல்கூட எடுக்கக் கூடாது.